ஈழத்தில் இலவச வைத்தியம்: வந்த வழியும் வருங்காலக் கவலையும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அம்மொழியை நாம் பாலர் வகுப்பிலேயே பாடமாக்கிவிட்டோம். ஆனால், அச்செல்வத்தை இழந்த ஒருவனிடம் மற்றைச் செல்வமும் இல்லையாயின் அவன் எங்கே போவான்? அவ்வினாவுக்கு ஈழநாடு ஒரு காலத்திலே உலகம் வியக்கும் விடையொன்றைக் கண்டது. அவ்விடை வந்த வழியை எமது இளைஞர் அறிந்துகொள்ளவும், மூத்தோர் தாம் கண்டவற்றை மீண்டும் எண்ணிப் பார்க்கவும் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முதலிற் சிறிய நிகழ்ச்சியொன்று. சில மாதங்களின் முன் எமது சங்கத்தின் மூத்த அன்பர் ஒருவரை அரசினர் வைத்தியசாலையொன்றின் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். விடியுமுன் புறப்பட்டு, துண்டு எடுத்து, வாங்கிலே காத்திருந்து, பத்து மணியளவில் வைத்தியரைக் கண்டோம். வைத்தியர் அன்போடு பார்த்தார். ஒரு சதமும் கேட்டாரில்லை. ஆயின் மருந்து கொடுக்கும் சாளரத்தில் ஐந்து மருந்துகளுள் மூன்றே கிடைத்தன. மற்றை இரண்டையும் வெளியில் வாங்கும்படி சிறு துண்டொன்றில் எழுதித் தந்தனர். வீதிக்கு எதிர்ப்புறத்தே பாமசி இருந்தது. விலையைக் கேட்ட பெரியவர் மடியிலிருந்த காசை எண்ணிப் பார்த்தார். “தம்பி, ஒரு கிழமைக்கு மட்டும் தரச்சொல்லும்” என்றார். அது ஒரு மாதத்துக்கென எழுதப்பட்ட மருந்து.

அந்தச் சிறு துண்டு எம் மனத்தை விட்டு நீங்கவில்லை. அதன் வரலாற்றைத் தேடியபோது தெரிந்தவற்றையே இங்கே தருகின்றோம்.

பண்டைக் காலம்

நோயாளரைப் பேணுவது அரசனுடைய கடன் என்னும் எண்ணம் இந்நாட்டிற் புதியதன்று. பண்டுகாபய மன்னன் அனுராதபுரத்திலே நோயாளருக்கு இல்லம் அமைத்தான் என மகாவம்சம் கூறும். மிகிந்தலை மலையடிவாரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையொன்றின் இடிபாடுகளை இன்றும் காணலாம். நோயாளியை மூலிகை எண்ணெயிலே கிடத்துவதற்காக மனித உடலின் வடிவிற் குடைந்த கல்லோணி அங்கே கிடக்கின்றது. தமிழகத்திலும் இவ்வழக்கம் இருந்தது. பதினோராம் நூற்றாண்டிலே, வீரராசேந்திர சோழன் காலத்தில், திருமுக்கூடற் கோயிலைச் சார்ந்து 15 நோயாளர் தங்கும் ஆதுலர்சாலை நடந்ததை அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று அங்கே கணக்கு வெட்டப்பட்டிருக்கின்றது. நோயாளரைப் பேணும் செலவைக் கோயிற் செலவின் ஒரு பகுதியாகவே அக்காலத்தவர் கொண்டனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் எழுந்தன. அவ்வறிவைப் பரம்பரையாகப் போற்றிய பரியாரிமார் ஊர்தோறும் இருந்தனர். அவர்களுள் பலர் கூலி பேசி மருந்து கொடுத்தவரல்லர். வெற்றிலையில் வைத்ததை வாங்கிக்கொள்வர். வையாதவனையும் வெறுங்கையோடு அனுப்பார். இதனை நாம் பெருமையோடு சொல்லலாம். ஆயினும் பேதியும் அம்மையும் பரவிய காலத்தில் ஊரூராக மக்கள் மாண்டதையும், பிள்ளைப் பேற்றிலே தாய்மார் பலர் உயிர் நீத்ததையும் மறைத்தலாகாது. தனி ஒருவரின் தருமம் எத்துணை உயர்ந்ததாயினும், அது எட்டும் தூரம் சிறிதே.

ஆங்கிலேயர் காலம்

1847ஆம் ஆண்டு அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயிலே வைத்தியப் பணி தொடங்கினார். தமிழ் கற்று, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே பெயர்த்து, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியரைப் பயிற்றினார். மதம் வேறாயினும் அவர் செய்ததை நன்றியோடு நினைத்தல் எம் கடனாகும். 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவரின் முயற்சியால் யாழ்ப்பாணப் பட்டினத்தில் நண்பர் சங்க ஆஸ்பத்திரி எழுந்தது. கொடையாளரின் பணத்தால் நடந்த அவ்வைத்தியசாலையை 1907இல் அரசாங்கம் ஏற்றது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் வேர் அதுவே. 1858இல் அரசின் சிவில் வைத்தியத் திணைக்களமும், 1870இல் கொழும்பு வைத்தியக் கல்லூரியும் தோன்றின.

ஆனால் இவையெல்லாம் யாருக்குப் பயன்பட்டன? பெரும்பாலும் பட்டினத்தாருக்கும், உத்தியோகத்தருக்கும், படையினருக்குமே. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தவர் பலர். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்கவேண்டுமென 1872இல் ஒரு சட்டமும், பின்னர் 1912இல் விரிவான சட்டமும் பிறந்தன. தொழிலாளர் செத்தால் தோட்டம் நடவாது என்பதும் அச்சட்டங்களுக்குப் பின்னால் இருந்த எண்ணங்களுள் ஒன்று. வேறொரு விளைவும் உண்டாயிற்று. தோட்டத்து மக்களின் நோய் தோட்டத்துத் துரையின் பொறுப்பு, அரசின் பொறுப்பன்று என்ற பிரிவினை அன்றே வேரூன்றியது. அதன் கசப்பான கனியைப் பின்னர்க் காண்போம்.

வாக்குரிமையும் மலேரியாவும்

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற் றிட்டத்தின்படி 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் பூரண சுயராச்சியம் வேண்டி அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்ததையும், வடபகுதியின் நான்கு ஆசனங்கள் 1934வரை வெறுமையாய் இருந்ததையும் எமது மூத்தோர் தம் தந்தையர் வாயிலாகக் கேட்டிருப்பர். அதன் நன்மை தீமைகளை இங்கே ஆராயப் புகவில்லை. எமது பொருளுக்கு வேண்டியது இதுவே: கிராமத்தவனுடைய வாக்குக்கு விலை உண்டானதும், அவனுடைய பிரதிநிதி அரசாங்க சபையிலே எழுந்து, என் தொகுதிக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும், ஒரு மருத்துவிச்சி வேண்டும் என்று கேட்கத் தொடங்கினான்.

அடுத்து வந்தது பேரிடி. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றித் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அப்போது நாட்டின் குடித்தொகை ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டதே. 1935இல் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. நாலில் ஒன்று. கேகாலைப் பகுதியிலே சூரியமல் இயக்கத்து இளைஞர் வீடுவீடாகச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அவர்களுள் முன்னின்றனர். காய்ச்சலுக்குப் பின்னால் நின்றது பட்டினி என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். 1936இல் அத்தொண்டு செய்த பகுதியின் மக்களே பெரேராவைத் தம் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தனர்.

கொள்ளைநோயின் பின் அரசாங்கம் கிராமந்தோறும் சிகிச்சை நிலையங்களை அமைப்பதை விரைவுபடுத்தியது. 1926இல் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் பரவியது. 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு மலேரியா தணிந்தது. 1951இல் அரசினர் வைத்தியசாலைகளில் வசதியுள்ளோரிடம் பெற்றுவந்த கட்டணமும் நீக்கப்பட்டது. ஏழை, செல்வன் என்று கேளாது, நோயாளி என்ற ஒன்றையே கேட்கும் வாயில் அவ்வாண்டு திறந்தது.

பயன் என்னவெனில், குழந்தை மரணம் 1946இல் ஆயிரத்துக்கு 141 ஆகவும், 1960இல் 57 ஆகவும் குறைந்தது. இக்காலத்தில் அது 10ஐ அண்டி நிற்கின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. செல்வம் மிக்க நாடுகள் பல நெடுங்காலம் முயன்று பெற்றதை, வருமானம் சிறுத்த இந்நாடு பெற்றது.

இருபத்தைந்து சதம்

பெற்றதைக் காத்தல் பெறுவதினும் அரிது. 1970இன் பின் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டது. வெளிநோயாளர் ஒவ்வொரு முறையும் 25 சதம் செலுத்தவேண்டும் என 1971இல் விதிக்கப்பட்டது. அக்காலத்து நிதியமைச்சர் வேறு யாருமல்லர். மலேரியாக் காலத்திலே மருந்தோடு வீடுவீடாக நடந்த அதே கலாநிதி என். எம். பெரேராவே. அவரை இழித்துரைப்பது எம் நோக்கமன்று. ஏழையின் நோயைத் தம் கண்ணாற் கண்டவரையும் வெறுமையான திறைசேரி எவ்விடத்துக்குத் தள்ளும் என்பதையே நாம் உணர்தல் வேண்டும்.

இருபத்தைந்து சதம் அக்காலத்திலும் பெருந்தொகையன்று. ஆயினும் வெளிநோயாளர் வருகை பெரிதும் குறைந்தது. 1977இல் அக்கட்டணம் நீங்கியது.

அதே 1971இல் நடந்த நற்காரியம் ஒன்றையும் சொல்லவேண்டும். பேராசிரியர் சேனக பிபிலேயின் ஆலோசனைப்படி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களிலே பல விலைக்கு வந்துகொண்டிருந்தது. கூட்டுத்தாபனம் மருந்துகளை அவற்றின் இயற்பெயரால், உலகெங்கும் விலை கேட்டு, மொத்தமாகக் கொள்வனவு செய்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த இறக்குமதி மருந்துகளின் பட்டியல் அறுநூறளவாகச் சுருங்கியது. விலை விழுந்தது, நோயாளி ஒன்றும் இழக்கவில்லை. பேராசிரியர் 1977இல், அந்நிய நாடாகிய கயானாவில் இருக்கையில் காலமானார். மருந்துக் கொள்கைபற்றிப் பேசும் இடமெல்லாம் அவர் பெயர் இன்றும் பேசப்படுகின்றது.

1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. அரசாங்க வைத்தியர் கடமை நேரத்தின் பின் தனியாகப் பார்க்க அனுமதி பெற்றனர். நாம் இன்று சனல் பண்ணுதல் என்று சொல்லும் வழக்கம் அதனாற் பெருகியது. வசதியுள்ளோர் அவ்வழியே போனமையால் அரசினர் வைத்தியசாலையில் நெரிசல் சிறிது குறைந்ததென்பது உண்மை. ஆயின் வசதியில்லாதோரும் கடன்பட்டு அவ்வழியே போகத் தலைப்பட்டதும் உண்மையே.

இடைவெளிகள்

இன்றைய நிலை யாது? தங்கிச் சிகிச்சை பெறுவோருள் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேல் அரசினர் வைத்தியசாலைகளிலேயே இருக்கின்றனர். இது பெரும் பேறு. ஆயின் நாட்டின் முழு வைத்தியச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மக்களின் சொந்த மடியிலிருந்து போகின்றது. இலவச வைத்தியமுள்ள நாட்டில் இஃது எங்ஙனம் நேர்கின்றது என வினவலாம்.

காரணம் பல. முன்னைய நோய்கள் சில நாளிற் கொல்லும் அல்லது தீரும். இக்காலத்து நோய்களாகிய நீரிழிவு, குருதி அமுக்கம், இருதய நோய், புற்றுநோய் என்பன ஆண்டுக்கணக்கில் உடனிருப்பன. இந்நாட்டு மரணங்களுள் பத்தில் எட்டு இத்தகைய நோய்களால் வருவன. முதியோர் தொகையும் பெருகுகின்றது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் இருந்தனர். கொள்ளைநோய்க்கென வகுத்த அமைப்பு, நாடோறும் மாத்திரை விழுங்கும் நோயாளிக்குப் போதாமற் போயிற்று. மருந்தும், இரத்தப் பரிசோதனையும், ஸ்கானும் வெளியே பெறவேண்டிய நிலை அதனாலேயே வந்தது. அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிடுவதோ மொத்தத் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 2 பங்கை அண்டியதே.

அடுத்தது தூரம். வைத்தியம் இலவசமாயினும் பஸ் இலவசமன்று. இழந்த நாட்கூலியை எவரும் தருவதில்லை. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து உழவரிடையே பரவிய சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கிழமைக்கு இருமுறை மும்முறை நகரம் போகவேண்டிய உழவன் வயலை எப்போது பார்ப்பான்? எமது வடகிழக்கிலே போர்க்காலத்து மருந்துத் தடையும், அழிந்த வைத்தியசாலைகளும், 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே வைத்தியரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்ட கொடுமையும் மக்கள் மனத்தில் இன்னும் ஆறாதன.

மூன்றாவது இடைவெளி தோட்டங்கள். துரையின் பொறுப்பு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தது, 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னும் முற்றாக அழியவில்லை. நாட்டின் மற்றைப் பகுதிகளைப் பொதுச் சுகாதாரச் சேவை அணைத்தபோது, லயத்து மக்கள் தோட்டத்து டிஸ்பென்சரியையும் தோட்டத்து டொக்டரையுமே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராகி, வாக்கையும் இழந்தனர். வாக்கு ஆஸ்பத்திரியைக் கொணர்ந்ததென மேலே கண்டோம். வாக்கற்றவனுக்கு ஆஸ்பத்திரி பிந்தியே வந்தது. பின்னாளிற் குடியுரிமை மீண்டது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசும் ஏற்றது. எனினும் இழந்த காலம் இழந்த காலமே.

இவற்றின் மேல் வந்தது 2022ஆம் ஆண்டு நெருக்கடி. மருந்தில் மிகப்பெரும் பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் டொலர் தீர்ந்தது. ரூபாவின் பெறுமதி சில மாதங்களில் பாதியளவாக வீழ்ந்தது. அவ்வாண்டு பேராதனைப் போதனா வைத்தியசாலையில், முன்கூட்டிக் குறித்த சத்திரசிகிச்சைகள் மருந்தின்மையால் நிறுத்திவைக்கப்பட்டன. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்து ஏழைகளைக் காத்த அரசு, இப்போது விலையை உயர்த்த அனுமதிக்கும் நிலைக்கு வந்தது. வைத்தியர் பலர் நாட்டை விட்டு நீங்கினர். எம் பெரியவர் கையிலிருந்த துண்டுக்கு இவ்வளவு நீண்ட வரலாறு உண்டு.

எமது கடன்

இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதியார், சிறு கட்டணம் வாங்கினால் வீண்கூட்டம் குறையும் என்று மூத்தோர் சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்கள் கருத்தில் உண்மை சிறிதுமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 1971இன் அனுபவத்தை அவர்கள் முன் வைக்கின்றோம். கட்டணம் கூட்டத்தைக் குறைக்கும்; வீணாக வந்தவன் இவன், வேண்டி வந்தவன் இவன் என்று அது பிரித்தறியாது. கையிற் காசில்லாதவனையே அது முதலிற் றடுக்கும். அரச ஊழியருக்கு அக்ரஹார முதலிய காப்புறுதி உண்டு. கடற்றொழிலாளிக்கும் தோட்டக்காரனுக்கும் நாட்கூலிக்கும் உள்ள காப்புறுதி அந்தத் திறந்த வாயில் ஒன்றே.

அவ்வாயிலைக் காப்பது அரசின் கடமை. அதனைக் கேட்பது எமது கடமை. 1931இல் எழுத்தறியாத கிராமத்தவரும் கேட்டுப் பெற்றனர். இன்று எழுத்தறிந்த நாம் எமக்குள் முணுமுணுப்பதோடு நின்றுவிடுகின்றோம். எமது இளைஞர் தம் ஊர்ச் சிகிச்சை நிலையத்தில் எம்மருந்து எத்தனை நாள் இல்லை, எத்தனை பேர் வெளியே வாங்கினர் என்று ஒரு கொப்பியிலே குறித்துவந்தால், அதனை உரியவரிடம் பணிவோடும் உறுதியோடும் வைக்கலாம். கணக்கோடு கேட்பவனைத் தட்டிக்கழித்தல் எளிதன்று. தனியே வாழும் முதியோரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல மாதத்தில் ஒரு நாளை ஒவ்வோர் உறுப்பினரும் ஒதுக்கலாம். இரத்ததானம் செய்யலாம். ஆலயத் திருவிழாச் செலவிலே சிறு பங்கை வறிய நோயாளரின் மருந்துக்கும் பஸ் கூலிக்கும் வைக்குமாறு தருமகர்த்தாக்களை வேண்டலாம். இது புதுமையன்று, திருமுக்கூடற் கோயிலார் கல்லிலே வெட்டிவைத்த வழக்கமே.

ஆயினும் இத்தருமங்கள் அரசின் கடமைக்கு ஈடாகா என்பதையும் மறவாதிருப்போம். பரியாரியாரின் தருமம் எட்டாத இடத்தை 1951இன் முடிவு எட்டியது. தருமம் ஒரு கிழமை மருந்தை வாங்கிக் கொடுக்கும். மிகுதி மூன்று கிழமைக்கும் பொதுச் சேவையே வேண்டும்.

அன்று நாம் அழைத்துச் சென்ற பெரியவருக்கு மிகுதி மருந்தையும் அன்பர்கள் கூடி வாங்கிக் கொடுத்தோம். அவர் மகிழ்ந்தார், ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒன்று சொன்னார். “தம்பிமார், நான் சின்னப் பெடியனாய் இருக்கேக்கை எங்கடை அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவ. அவவின்ரை கையிலை ஒரு சதமும் இல்லை. ஆரும் கேக்கவும் இல்லை.” அவர் இன்று எம்மிடையே இருப்பதற்கு அந்தக் கேளாமையே காரணம். அவர் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் அவ்வாறே சொல்லத்தக்க நாடாக இந்நாடு இருக்கவேண்டும் என்பதே எம் வேண்டுதல்.